பிரேக்கில் வைத்த கால்

என் தாத்தா டயரை உதைத்துப் பார்க்காமல் என்னை எந்த பஸ்ஸிலும் ஏற்றிவிட்டதில்லை. நான் பாளையங்கோட்டையில் கல்லூரி படித்த மூன்று வருடமும், திங்கட்கிழமை காலைதோறும் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் இந்தக் கூத்து நடந்தது. முதலில் பஸ்ஸை ஒரு சுற்று சுற்றுவார். எல்லா டயருக்கும் செருப்புக் காலால் ஒரு தட்டு. அப்புறம் குனிந்து, பட்டன் தேய்ந்திருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்ப்பார். கடைசியாக டிரைவர் ஜன்னலுக்குக் கீழே போய் நிமிர்ந்து நின்று, பிரேக் எப்படிப் பிடிக்கு என்று கேட்பார்.

நான் துப்பட்டாவை இழுத்து முகத்தை மூடிக்கொள்வேன். புது டிரைவர்கள் முறைப்பார்கள். பழகியவர்கள், "பட்டாளத்தாரே, நீங்க வருவீயன்னு தெரிஞ்சு காலையிலேயே நாலு மிதி மிதிச்சுப் பாத்துட்டேன், பேத்தியை ஏத்துங்க" என்பார்கள். நான் ஏறி உட்கார்ந்து பஸ் முனை திரும்பும் வரைக்கும் அவர் அட்டென்ஷனில் நிற்பார். கூடப் படித்த பிள்ளைகள் எனக்கு 'ஆர்.டி.ஓ. பேத்தி' என்று பெயர் வைத்தார்கள். அன்றைக்கு அழுதேன். இப்போது என் மகளைப் பள்ளி வேனில் ஏற்றும்போது என் கால் தானாக டயர் பக்கம் போகிறது.

அவர் என் அம்மாவின் அப்பா. ராணுவத்தில் இருபத்துநான்கு வருடம் லாரி ஓட்டியவர். பதான்கோட், லே, அம்பாலா, ஜபல்பூர், தேஜ்பூர் என்று அவர் வாயில் ஊர்ப்பெயர்கள் உருளும்போது, எங்களுக்கு அவை புளியங்குடி, கடையநல்லூர் மாதிரி பக்கத்து ஊர்களாகத்தான் தோன்றும். ஓய்வு பெற்று வந்தவர் காலை நீட்டி உட்கார்ந்திருக்கலாம். வந்த மூன்றாம் மாதமே காசி யாத்திரை போகிற டூரிஸ்ட் பஸ்ஸுக்கு டிரைவராகப் போய்விட்டார். பனவடலிசத்திரத்து விவசாயச் சம்சாரிகள், இளையரசனேந்தல் கரிசல்காட்டுப் பாட்டிமார்கள், எங்கள் தெரு நெசவாளிகள் என்று தாத்தா கங்கையில் முக்கி எடுத்துப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் ஏராளம்.

அவருக்கு இந்தியா என்பது ஒரே ஒரு நீளமான ரோடு. யாராவது தன் மகனுக்கு ஜபல்பூரில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னால் போதும், ஸ்டேஷனுக்கு வெளியே இடதுபக்கம் இஞ்சி தட்டிப் போடுகிற டீக்கடை உண்டு, அங்கே குடிக்கச் சொல்லு என்பார். அது ஐம்பது வருடத்துக்கு முந்தைய டீக்கடை என்பதை எடுத்துச் சொல்ல யாருக்கும் மனசு வராது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் பானிபூரி வண்டி போட்டிருக்கும் பீகார்க்காரரிடம் இந்தி பேசுவதற்காகவே, தனக்குப் பிடிக்காத அந்தப் புளித்தண்ணிப் பூரியை வாரம் ஆறு தின்பார். அந்தப் பீகார்க்காரரின் கிராமத்துக்கு எந்தத் துறையில் லாரியைப் படகில் ஏற்ற வேண்டும் என்று தாத்தா விளக்க, அங்கே பாலம் வந்து பல வருடம் ஆகிறது என்று அவர் சொல்லிவிட்டார். அன்று தாத்தா துக்க வீட்டில் இருந்து வருகிறவர் போல வந்து சேர்ந்தார். ராத்திரிச் சப்பாத்தி ஒன்று குறைந்தது.

இத்தனை ரோட்டிலும் எங்கள் குடும்பத்துக்கு மனப்பாடமானது ஒரே ஒரு வளைவு.

லடாக் மலையிறக்கம். பனி உருகிச் சேறாகிக் கிடந்த ரோடு. கான்வாயில் தாத்தாவின் லாரி ஏழாவது, பின்னால் பதினோரு சிப்பாய்கள். வளைவில் வண்டி வழுக்கி, முன்பக்கத்து இடது சக்கரம் ரோட்டை விட்டு வெளியே போய் அந்தரத்தில் நின்றுவிட்டது. கீழே ஆறு, பூ கட்டுகிற நார் அளவுக்குத் தெரிந்ததாம். ஹேண்ட் பிரேக் ஏற்கெனவே சீக்காளி. வலது காலால் மிதித்த பிரேக்கை விட்டால் வண்டி உருண்டுவிடும். சங்கிலி போட்டு இழுக்கிற வண்டி வந்து சேர இரண்டு மணி நேரம் ஆனது. இரண்டு மணி நேரமும் தாத்தா ஒற்றைக் காலில் லாரியைப் பிடித்து வைத்திருந்தார். இறக்கும்போது கால் மடங்கிய வாக்கிலேயே இருந்ததாம், நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்களாம்.

அந்த இரண்டு மணி நேரத்தில்தான் அவர் எங்கள் ஊர்க் கோமதி அம்மனோடு ஒரு ஒப்பந்தம் போட்டார். அவளும் ஒற்றைக் காலில் நின்றவள். சிவனையும் பெருமாளையும் ஒரே உருவத்தில் காண வேண்டும் என்று தவம் இருந்தவள். "நீயும் ஒத்தக் கால்ல நிக்கே, நானும் ஒத்தக் கால்ல நிக்கேன். இப்ப என் காலை நீ பாத்துக்கோ. ஊருக்கு வந்து உன் காலை நான் பாத்துக்கிடுதேன்." இதுதான் அவர் வேண்டுதல்.

அம்மனின் காலைப் பார்த்துக்கொள்வதற்கு எங்கள் ஊரில் வழி இருக்கிறது. அவள் தவத்தின் திருவிழாவான ஆடித்தபசுக்குக் கொடியேறிவிட்டால் சனம் கோவில் பிரகாரத்தைச் சுற்ற ஆரம்பித்துவிடும். ஆடிச்சுற்று என்று பெயர். நூற்றெட்டு, ஐந்நூற்றொன்று, ஆயிரத்தொன்று என்று அவரவர் தெம்புக்கும் நேர்ச்சைக்கும் தக்கபடி சுற்றுவார்கள். நாம் சுற்றச் சுற்ற, நின்றுகொண்டே இருக்கிற அம்மனின் கால்வலியில் ஒரு பங்கை நம் கால் வாங்கிக்கொள்கிறது என்பது நம்பிக்கை. தாத்தா வருடத்துக்கு நூற்றெட்டு நேர்ந்துகொண்டார். ராணுவத்தில் ஆடிக்கு லீவு கிடைத்ததே இல்லை. ஓய்வு பெற்ற வருடம் தொடங்கினார். அதற்கப்புறம் நாற்பது ஆடி, ஒன்றுகூடத் தவறவில்லை. காசி பஸ்ஸைக்கூட ஆனியோடு நிறுத்திவிட்டு ஆவணியில்தான் எடுப்பார்.

மற்றவர்கள் கோவிலைச் சுற்றினார்கள், தாத்தா மார்ச் செய்தார். கை தோள் உயரத்துக்கு வீசும், பார்வை நேரே இருக்கும். கூட்டம் தானாக வழிவிடும். அவர் பின்னால் போனால் இடிபடாமல் போகலாம் என்று கண்டுபிடித்த பெண்கள் ஒவ்வொருவராக வரிசையில் சேர்ந்துகொள்வார்கள். ஒரு வருடம் திரும்பிப் பார்த்தால் முப்பது பேர் ஒரே தாளத்தில் வந்துகொண்டிருந்தார்கள். எண்ணிக்கைக்குப் புளியங்கொட்டை. இதற்காகவே சட்டையில் இரண்டு பக்கமும் பை வைத்துத் தைக்கச் சொல்வார். ஒரு சுற்று முடிந்தால் வலது பையில் இருந்து ஒரு கொட்டை இடது பைக்குப் போகும். நூற்றெட்டுக்கு மேல் ஒரு கைப்பிடி கூடவும் வைத்திருப்பார். ஸ்பேர் இல்லாமல் மிலிட்டரி வண்டி கிளம்பாது என்பது அவர் சட்டம்.

திருவிழா முடிந்த மறுநாள் இரண்டாவது நேர்ச்சை ஒன்று உண்டு. சங்கரன்கோவிலில் பிறந்தவர்களுக்கு அதைச் சொல்லவே வேண்டாம். வாழை இலையில் கட்டிய மட்டன் பிரியாணிப் பொட்டலங்களை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு, அம்மன் கால் வலி தீர்ந்தது, இனி நம் வயிற்றைப் பார்ப்போம் என்று வாசலிலேயே அறிவித்துக்கொண்டு வருவார்.

எண்பத்துமூன்றாவது வயதில் முட்டி போய்விட்டது. பிரேக் மிதித்த அதே வலது முட்டி.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் கிளினிக் வைத்திருக்கும் பிசியோதெரபிஸ்ட், பனவடலிசத்திரத்துக்காரர், வாரம் மூன்று நாள் வீட்டுக்கு வந்து காலை மடக்கி நீட்டினார். பொறுமைசாலி. தாத்தா அவருக்குத் தேஜ்பூர் ரோட்டின் எல்லா வளைவுகளையும் வரிசையாகச் சொல்லி முடித்திருந்தார். அவரிடம் ஆடிச்சுற்றைப் பற்றிக் கேட்டபோது, வீட்டுக்குள் நடக்கலாம், பாத்ரூம் போகலாம், நூற்றெட்டு என்ற வார்த்தையையே மறந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். தாத்தா தலையை ஆட்டினார். அவர் அவ்வளவு சுலபமாகத் தலையாட்டினால் ஏதோ திட்டம் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கொடியேறிய மறுநாள் காலை, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போனார். ஒரு மணி நேரம் ஆகியும் வரவில்லை. கோவில் வாசலில் பூ விற்கிற அக்காதான் அவரை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்து இறக்கினாள். பதினான்காவது சுற்றில் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாராம். கையில் தூக்குவாளி அப்படியே இருந்தது. உள்ளே பால் ஒரு சொட்டுச் சிந்தவில்லை என்பதை எல்லாருக்கும் திறந்து காட்டினார்.

நான் கோபக்காரி. பள்ளியில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள், பெஞ்சு அதிரக் கத்திப் பழக்கம். அன்று வீடு அதிரக் கத்தினேன். அம்மன் உங்கள் முட்டியைக் கேட்டாளா, விழுந்து இடுப்பு ஒடிந்திருந்தால் யார் பார்ப்பது என்றெல்லாம் கேட்டேன். அவர் குனிந்து முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். மனசு கேட்காமல், பாக்கித் தொண்ணூற்றுநாலையும் நான் சுற்றுகிறேன் என்று இறங்கி வந்தேன்.

"என் காலுக்கு நேந்தது உன் கால்ல எப்படிட்டி தீரும்?" என்றார்.

அன்று மத்தியானமே மாமா மதுரையில் இருந்து வந்துவிட்டார். மாமா என் அம்மாவின் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளாதவர், சாமி இல்லை என்று நாற்பது வருடமாகச் சொல்லிவருகிறவர். அவரும் தாத்தாவும் எலியும் பூனையும். சண்டை பெரிதாக வரும் என்று பயந்தோம். ஆனால் மாமா, "வேற யாரு வேணும்னாலும் கல்லைச் சுத்தட்டும், எங்கப்பா சுத்த வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார்.

இரண்டு நாள் தாத்தா பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு விசைத்தறி மட்டும் அவரோடு பேசிக்கொண்டிருந்தது. அம்மா காப்பி கொண்டுபோனபோது, "நான் காலை எடுத்தா வண்டி உருண்டுரும் தாயி" என்று சொன்னாராம். அம்மா அதை அடுப்படியில் வந்து என்னிடம் சொல்லும்போது அழுதுவிட்டாள். இவர் நாற்பது வருடமாகப் பிரேக்கில் இருந்து காலை எடுக்கவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. லாரியின் பின்பக்கத்தில் இப்போது நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம். அவர் ஒரு ஆடி தவறவிட்டால் எங்களில் ஒருவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அந்த மனுஷன் பயந்துபோய் இருந்தார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நாற்காலி எங்கள் பக்கம் திரும்பியது. என்னைக் கூப்பிட்டார். மாமாவையும் மொட்டைமாடியில் இருந்து இறங்கி வரச் சொன்னார்.

"அந்த வளைவுக் கதையில ஒண்ணு விட்டுப்போச்சு" என்றார்.

ஐம்பது தடவை கேட்ட கதையில் விட்டுப்போக என்ன இருக்கிறது என்று நான் நினைத்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். முன்சக்கரம் அந்தரத்தில் போனதும், பின்னால் இருந்தவர்களைக் குதித்துத் தப்பச் சொல்லி இவர்தான் கத்தியிருக்கிறார். முதல் ஆள் ஒரு காலை வெளியே வைத்ததும் லாரியின் பின்பக்கம் லேசாக எழும்பியது. முன்பக்கம் கீழே சாய்ந்தது. அவர்களுக்கு உடனே விளங்கிவிட்டது. பின்னால் இருக்கிற பாரம்தான் வண்டியை ரோட்டில் பிடித்து வைத்திருக்கிறது. அவர்கள் இறங்கினால் பதினோரு பேரும் பிழைப்பார்கள், டிரைவர் மட்டும் ஆற்றுக்குப் போவார்.

"இறங்குங்கலேன்னு கத்துதேன். ஒருத்தனும் இறங்கல மக்கா. காலை வெளிய வச்சவன் திரும்ப உள்ள வந்துட்டான். பதினோரு பேரும் கடைசிப் பலகைக்கிட்டப் போயி கையைக் கோத்துக்கிட்டு உக்காந்துட்டாங்க. ரெண்டு மணி நேரம். ஆளாளுக்கு அவனவன் சாமியக் கூப்பிட்டுக்கிட்டு."

 மாமாதான் கேட்டார், இதை ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை என்று. தாத்தாவுக்கு வெட்கம் வந்துவிட்டது. முதல் தடவை தன் அம்மாவிடம் சொல்லும்போது, அவள் பயந்துவிடுவாள் என்று அந்தப் பகுதியை விட்டாராம். அப்புறம் ஊரே இவர் காலைப் பற்றிப் பெருமையாகப் பேச ஆரம்பித்துவிட்டது. "கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. அப்படியே விட்டுட்டேன்" என்றார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. மாமாவும் சிரித்ததை நான் பார்த்தேன்.

பிறகு தாத்தா உத்தரவு போட்டார். பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஒன்பது சுற்று. பதினோரு பேர் எங்களில், பன்னிரண்டாவது அவர். கூலிக்கு ஆள் பிடிக்கக் கூடாது, கட்டாயப்படுத்தவும் கூடாது. அன்றைக்கும் அவர் தனியாக நிற்கவில்லை, அதனால் இன்றைக்கும் தனியாகச் சுற்ற வேண்டியதில்லை என்று அம்மனிடம் பேசிவிட்டாராம். அவள் என்ன சொன்னாள் என்று மாமா கேட்டார். அவள் எதிர்த்துப் பேசவில்லை, உன்னை மாதிரி இல்லை என்றார் தாத்தா.

பன்னிரண்டு ஒன்பது நூற்றெட்டு. கணக்கு டீச்சரான எனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியிருக்கிறது.

வீட்டில் அம்மா, அப்பா, நான், என் கணவர், கோயம்புத்தூரில் இருந்து வரவழைத்த தம்பி, அவன் மனைவி. ஆறு பேர். மாடியில் குடியிருக்கும் விசைத்தறித் தொழிலாளித் தம்பதி கேட்டதும் சரி என்றார்கள். பூக்கார அக்கா, என்னைக் கேட்காமல் இருந்திருந்தால்தான் கோபித்திருப்பேன் என்றாள். ஒன்பது. பத்தாவது ஆளாக மாமா, தான் சாமிக்காக நடக்கவில்லை, சர்க்கரைக்கு நடக்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருக்கிறார், எங்கே நடந்தால் என்ன என்றார். இன்னும் ஒருவர் குறைந்தது. மறுநாள் முட்டியை மடக்கி நீட்ட வந்த பிசியோதெரபிஸ்ட்டைத் தாத்தா ஒரு பார்வை பார்த்தார். தேஜ்பூர் ரோடு முழுக்கக் கூட வந்தவர், ஒன்பது சுற்றுக்கு மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தாத்தாவின் ஒன்பதுக்குத் தானும் கூடவே நடப்பேன், இடையில் மூன்று தடவை உட்கார வேண்டும் என்று நிபந்தனை மட்டும் போட்டார்.

தபசுக்கு மூன்று நாள் முன்னால் விடியற்காலையில் போனோம். தாத்தா தன் பழைய பச்சை ராணுவத் துணியைக் கிழித்து எங்கள் எல்லார் மணிக்கட்டிலும் கட்டிவிட்டிருந்தார். அவர் பிரகாரத்தில் ஒரு தூணோரம் மடக்கு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். மடியில் எவர்சில்வர் டப்பா. அவரைத் தாண்டும்போது ஒவ்வொருவரும் கையைத் தூக்க வேண்டும், பச்சைத் துணி தெரிந்தால் ஒரு புளியங்கொட்டை டப்பாவில் விழும். கூட்டத்தில் யாரோ ஒரு அம்மாள் அவரைப் பார்த்து, ஏன் இன்றைக்கு நடக்கவில்லை என்று கேட்டதற்கு, "நடந்துக்கிட்டுத்தான் இருக்கேன், அந்தா போறேன் பாருங்க" என்று என் தம்பியைக் காட்டினார்.

நான் ஆறாவது சுற்றில் இருக்கும்போது என் வகுப்புப் பையனின் தாயார் பிடித்துக்கொண்டு, அவன் ஏன் மாதத் தேர்வில் கணக்கில் தேறவில்லை என்று கேட்டபடியே கூட நடந்தாள். அவளை அனுப்பிவிட்டுப் பார்த்தால் இது ஏழாவதா எட்டாவதா தெரியவில்லை. குறைந்தால்தானே குற்றம், கூடினால் குற்றமில்லை என்று இரண்டு சேர்த்துச் சுற்றினேன்.

எல்லாரும் முடித்தபின் தாத்தா எழுந்தார். பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நடந்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து டப்பாவை வாங்கிக்கொண்டேன். கூட நடக்கிற காலும் கால்தான், அவருக்கும் ஒன்று போடு என்று உத்தரவு. தாத்தாவின் கை தோள் உயரத்துக்கு எழவில்லை, இடுப்பு வரைக்கும்தான் வீசியது. மூன்று தடவை உட்கார்ந்தார். ஒன்பதாவது சுற்றில் என்னைத் தாண்டும்போது, நேரே பார்த்தபடி கையைத் தூக்கினார். எனக்குச் சந்தோஷத்தில் கண் மறைத்தது. அந்தக் கொட்டையை டப்பாவுக்கு வெளியே போட்டுவிட்டுத் தேடி எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து டப்பாவைக் கவிழ்த்து எண்ணினால் நூற்றுமுப்பத்தொன்று.

ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். அம்மா மூன்று கூட. நான் இரண்டு. மற்றவர்கள் ஆளுக்கு ஒன்றோ இரண்டோ என்று ஐந்து. பிசியோதெரபிஸ்ட் கூட நடந்த ஒன்பது. அவரை விட்டால் எல்லாரையும்விடக் கூடுதலாக, நான்கு சுற்று, சாமி இல்லாத மாமா. எண்ணிக்கை மறந்துவிட்டது என்றார். கணக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர் அவர். 

நூற்றெட்டு தாண்டியதை டப்பாவை வைத்திருந்தவர் கவனிக்கவில்லையா என்று தாத்தாவைக் கேட்டேன். "எப்பமே தாண்டிட்டு. நீங்க எல்லாரும் கையைத் தூக்கிக்கிட்டு வந்துக்கிட்டே இருந்தீய. பாக்க நல்லாருந்துச்சு, விட்டுட்டேன்" என்றார். அப்படியானால் அவர் நடந்திருக்கவே வேண்டாமே என்றதற்கு, டிரைவர் இல்லாமல் வண்டி உண்டா என்று கேட்டார். கூடுதலான இருபத்துமூன்று கொட்டைகளைத் தனியாக ஒரு சின்ன டப்பாவில் போட்டு, மூடியில் பேப்பர் ஒட்டி 'ஸ்பேர்' என்று எழுதி வைத்தார். திருவிழா முடிந்த மறுநாள் பன்னிரண்டு பொட்டலம் பிரியாணி வந்தது. பிசியோதெரபிஸ்ட் தன் பங்கை முட்டிக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டே தின்றார்.

அடுத்த பங்குனியில் ஒரு காலை, காப்பியைக் குடித்து, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கால் இரண்டும் தளர்வாக நீட்டியிருந்தன. நான் அதைத்தான் முதலில் பார்த்தேன். நிம்மதியாகப் போயிருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பானிபூரிக்காரர் வந்து, எங்கள் யாருக்கும் புரியாத இந்தியில் அவரிடம் நெடுநேரம் பேசிவிட்டுப் போனார். ஊர்க்கதை ஏதோ சொல்லியிருப்பார்.

ஆடி வந்தது. நேர்ந்தவர் போய்விட்டார், நேர்ச்சையும் அவரோடு போயிற்று என்று அம்மா சொன்னாள். வருடம் திரும்பவில்லை, கோவிலுக்குப் போகலாமா என்றும் தயங்கினாள். கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்குத் தடை இல்லை, மகன்தான் வருடம் முடியும் வரை கோவிலுக்குள் போகக் கூடாது என்று சொந்தக்காரப் பெரியவர் ஒருவர் சொன்னார். மாமாவுக்கு போன் போட்டேன். தான் எப்போதுமே போகாதவன், இந்த வருடம் ஊரே போகாதே என்கிறது, நல்லதாகப் போயிற்று என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் தடையை மதித்துச் சொல்கிறாரா, கேலி செய்கிறாரா என்று தெரியவில்லை.

யாரையும் கூப்பிடக் கூடாது என்று முடிவு செய்தேன். கட்டாயப்படுத்தக் கூடாது என்பது தாத்தா உத்தரவு. போன வருடத்தைப் போலவே தபசுக்கு மூன்று நாள் முன்னால் விடியற்காலையில், பெரிய டப்பா, சின்ன டப்பா இரண்டையும் எடுத்துக்கொண்டு நான் மட்டும் கிளம்பினேன். வாசலில் அம்மாவும் அப்பாவும் செருப்புப் போடாமல் நின்றுகொண்டிருந்தார்கள். என் கணவர் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். தபசுக்கு ஊருக்கு வந்திருந்த தம்பியும் அவன் மனைவியும் தெருமுனையில் வந்து சேர்ந்தார்கள். மாடி வீட்டுத் தம்பதி எங்களுக்கு முன்னாலேயே போய்விட்டிருந்தார்கள். கோபுர வாசலில் பூக்கார அக்கா, கூடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் பிசியோதெரபிஸ்ட், கையில் பச்சைத் துணியைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

பத்துப் பேர். ஆளுக்கு ஒன்பது சுற்றினோம். இந்தத் தடவை ஒருவர்கூடக் கூடுதலாகச் சுற்றவில்லை. தாத்தா உட்கார்ந்திருந்த தூணடியில் மகளை உட்கார வைத்து டப்பாவைக் கொடுத்திருந்தோம். எண்ணிப் பார்த்தேன், சரியாகத் தொண்ணூறு.

"அப்பாவோட ஒம்பது?" என்று அம்மா கேட்டாள்.

நான் 'ஸ்பேர்' டப்பாவைத் திறந்து, அதில் இருந்து ஒன்பது கொட்டைகளை எடுத்துப் பெரிய டப்பாவில் போட்டேன். அவர் பங்கு போன வருடமே தயாராக இருந்தது. தொண்ணூற்றொன்பது. இன்னும் ஒன்பது குறைந்தது. அது மாமாவுடையது. ஸ்பேரில் மிச்சம் பதினான்கு இருக்கிறதே, அதில் இருந்து எடுத்துவிடலாம் என்று தம்பி சொன்னான். எனக்கு மனசு ஒப்பவில்லை. டப்பாவை மூடிக்கொண்டு எல்லாரும் வெளியே வந்தோம்.

பூக்கூடைக்குக் காவல் இருந்த கடைக்காரி, எங்களைப் பார்த்ததும் அம்மாவிடம் சொன்னாள். "ஒங்க தம்பி கோவிலுக்குள்ள வர மாட்டாவளா? வெள்ளென இருந்து ரதவீதியவே சுத்திக்கிட்டுல்லா இருக்காவ. ஆறு தடவ இந்தப் பக்கம் போயிட்டாவ."

நாங்கள் தெருவைப் பார்த்தோம். தெற்கு ரதவீதி முனையில் இருந்து மாமா வந்துகொண்டிருந்தார். பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டி விட்டிருந்தார், காலில் செருப்பு இல்லை, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பிரகாரத்தை விட ரதவீதி எவ்வளவு நீளம் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். எங்களைப் பார்த்தும் அவர் நிற்கவில்லை. பார்வை நேரே இருந்தது. எங்களைத் தாண்டும்போது வலது கையைத் தூக்கினார். மணிக்கட்டில் பச்சைத் துணி.

"ஒருத்தரும் இறங்கலட்டி" என்றாள் அம்மா.

நான் பெரிய டப்பாவைத் திறந்து, கைப்பையில் மீதியிருந்த கொட்டைகளில் ஏழைப் போட்டேன். எட்டாவதை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு, அவர் மறுபடி வருவதற்காகத் தெருமுனையைப் பார்த்தபடி நின்றேன்.